கூடிப்போன ஒரு ஏ

"மிஷினை யாரு தொட்டது?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒருவர்கூட உண்மை சொல்லமாட்டார்கள். கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார் இல்லிங்களா?" என்பார்கள். சார் என்று யாரும் இல்லை, நான்தான் என்றதும் அரைமனதாக மிஷினை மேசைமேல் வைப்பார்கள். "யாரும் தொடலிங்க, தானா ஆயிடுச்சு" என்பார்கள். தானாக ஆவதற்கு அது என்ன தோசைமாவா, ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்க? அந்த 'சார்' என்பதைக்கூட மன்னித்துவிடுவேன். இந்தத் 'தானா'வைக் கேட்டால்தான் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வரும்.

அன்று காலையில் அந்தத் 'தானா'வைச் சொன்னது என் சொந்தத் தம்பி.

அவன் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் நெட் சென்டர் வைத்திருக்கிறான். ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர். சுற்றியிருக்கிற மலைக்கிராமங்களில் யாருக்கு எந்த விண்ணப்பம் போடவேண்டியிருந்தாலும் அவனிடம்தான் வந்தாகவேண்டும். நான் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, பாஸ்வேர்டு போட்டா உள்ள போற மாதிரி சுத்துதுக்கா. அப்புறம் நீலமா ஆயி, ஆஃப் ஆயி, மறுபடி மொதல்லேந்து வருது. காலைலேந்து இதே பேஜாரு."

"யார்றா தொட்டது?"

"யாரும் தொடலக்கா. தானா…"

"தானான்னு மட்டும் சொன்னே, போனை வெச்சுருவேன். கட்டி பஸ்ல போட்டு அனுப்பு. நாளைக்குப் பாக்குறேன்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கு ஆவாதுக்கா. ஒரு பொண்ணு வந்து குந்திக்கினு இருக்குது" என்றான்.

அந்தப் பெண்ணுக்கு நர்சிங் கலந்தாய்வு. எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படி இணையத்தில் பதிவு செய்யவேண்டும். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை மூடுகிறார்கள். கடைசிச் சுற்று அது. விட்டால் இந்த வருடம் இல்லை. விண்ணப்பம் போட்டதே என் தம்பிதான். பாஸ்வேர்டும் அவன் வைத்ததுதான். அது என்ன என்று அவனுக்குத் தெரியாது. மிஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று மிஷினிடமே விட்டுவிட்டான்.

"மறந்துட்டேன்னு ஒரு பட்டன் இருக்குமே, அத்த அழுத்துறதுதான?"

"அழுத்தினா ஓ.டி.பி. நம்பரு பழைய சிம்முக்குப் போவுதுக்கா."

"அந்த சிம்மு எங்க?"

"அது… இப்ப இல்ல. மாத்திட்டேன்."

"அப்ப உதவிக்கு ஒரு நம்பர் குடுத்திருப்பாங்களே?"

"காலைலேந்து பாட்டுதான் பாடிக்கினு இருக்குது."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஊதுவத்தியை அப்படியே செருகிவிட்டு, பென்டிரைவ்களையும் ஸ்க்ரூடிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு, பாதி ஷட்டர் தூக்கிய கடையை மறுபடி இறக்கினேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "இன்னாங்க, போணி ஆவறதுக்கு முன்னாடியே மூடறீங்க?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் திட்டுத்தான் வரும் என்பதால் வண்டியை எடுத்துவிட்டேன்.

எனக்கு உட்கார்ந்து காத்திருக்க வராது. டாக்டர் வீட்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் நடப்பவள் நான். அதனால் பஸ்ஸை நம்பவில்லை. ஸ்கூட்டரில் கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் தூறல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி முக்கியது. எனக்கோ வண்டியைத் தள்ளிவிட்டு ஓடலாம்போல இருந்தது. வழியெல்லாம் தம்பியை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். சிம்மை ஏன் மாற்றினான்? நன்றாக இருந்த நம்பர். நான் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே நம்பர்.

வெள்ளிமலையில் அவன் கடைக்குள் நுழைந்தபோது மூன்று பேர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பதைப்போல. தம்பி எழுந்து நாற்காலியைத் துடைத்தான். பெஞ்சில் அந்தப் பெண், பள்ளிக்கூடப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு. பக்கத்தில் அவளுடைய அப்பா. தோளில் ஈரத்துண்டு. மேல்பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விடியக்காலையிலேயே நடந்து வந்திருக்கிறார்கள்.

"ஆயிடுங்களா?" என்றார் அவர்.

"பாக்குறேங்க."

"இல்ல, ஆவலன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. மில்லு ஏஜெண்டு வந்து பேசிட்டுப் போயிருக்கான். திருப்பூரு. நம்ம ஊருலேந்து நாலஞ்சு புள்ளைங்க போவுது. சீட்டு இல்லன்னா இவளையும் அனுப்பிடலாம்னு இவங்கம்மா சொல்லுது. நாந்தான் இன்னிக்கு ஒரு நாள் பொறுன்னு இட்டாந்தேன்."

பெண் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆயிடும்பா. அக்கா இப்பத்தான வந்தாங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்தது நம்பிக்கை இல்லை, அதட்டல். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

மிஷினைப் போட்டேன். முகப்பு வந்தது. தம்பி பாஸ்வேர்டைத் தட்டினான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பளிச்சென்று நீலத்திரை, சோகமுகம் ஒன்று. அணைந்து, மறுபடி முதலிலிருந்து.

என் முதல் சந்தேகம் கைரேகை வைக்கிற கருவிமேல். அந்தக் கருவிக்கான மென்பொருள், ஆள் உள்ளே நுழைந்ததுமே தானாக ஓட ஆரம்பிக்கும். ஏற்கெனவே பல கடைகளில் என் உயிரை வாங்கியிருக்கிறது. கருவியைப் பிடுங்கிப் போட்டேன். நீலம். பிரிண்டரைப் பிடுங்கினேன். நீலம். மிக அவசியமானது மட்டும் ஓடுகிற பாதுகாப்பு முறையில் திறந்து பார்த்தேன். அதில் நீலம் வரவில்லை. ஆனால் உள்ளேயும் விடவில்லை. உங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி வாசலிலேயே நிறுத்தியது. நடுவில் கரண்ட் வேறு போய் வந்தது. நான் எழுந்து வெளியே போய் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். தம்பி டீ வாங்கி வந்தான். குடிக்காமலே ஆறவிட்டு, ஆறிப்போச்சே என்று அவனையே திட்டினேன்.

"நேத்து சாயங்காலம் நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"ராத்திரி?"

அவன் மானிட்டருக்குப் பின்னால் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். அவன் சின்ன வயதில் பொய் சொன்னாலும் இப்படித்தான், எதையாவது குனிந்து தேடுவான்.

என் பென்டிரைவ் வழியாக மிஷினைத் திறந்து கறுப்புத்திரைக்குப் போனேன். அங்கே அலங்காரம் எதுவும் இருக்காது; வெறும் எழுத்துத்தான். இந்த மிஷினில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது, அவரவர் ஃபோல்டர் என்ன பெயரில் இருக்கிறது என்று பார்த்தேன். ஒரே பெயர். என் தம்பி பெயர். இங்கிலீஷில் எழுதியிருந்தது. வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். ஏதோ உறுத்தியது. திரும்பி வந்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். கடைசியில் ஒரு ஏ இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஏ.

"டேய், இங்க வா. இது இன்னாது?"

"எம்பேருக்கா."

"உம்பேரு எனக்குத் தெரியாதா? ஸ்லேட்டுல கையப் புடிச்சு எழுத வெச்சவளே நான்தான். இந்த இன்னொரு ஏ எங்கேந்து வந்துச்சு? தானா வந்துச்சா?"

அவன் அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எண் கணித ஜோசியம்கா" என்றான்.

சின்னசேலத்தில் ஒருவர் பார்க்கிறாராம். பெயரின் கூட்டுத்தொகை சரியில்லை, கடைசியில் ஒரு ஏ சேர்த்துக்கொள் என்றாராம். போன் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது, எட்டு ஆகாது என்றாராம். சிம் போன வழி அதுதான். கடை போர்டில் ஏ சேர்ந்தது. நானும் பார்த்தேன், பெயிண்டர் குடித்துவிட்டு எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ரப்பர் ஸ்டாம்பில் சேர்ந்தது. எல்லாம் மாசக்கணக்கில் நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் ஒன்றுதான் மிச்சம். நேற்று ராத்திரி ஒரு வீடியோவைப் பார்த்து, இன்னொரு கணக்கை உண்டாக்கி, அதன் வழியே உள்ளே போய், தன் ஃபோல்டரின் பெயரை மாற்றி, கடைசியில் அந்த இன்னொரு கணக்கையும் அழித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான்.

கணக்கின் பெயரை மாற்றுவது வேறு, ஃபோல்டரின் பெயரை மாற்றுவது வேறு. ஆள் உள்ளே வரும்போது மிஷின் பழைய பெயரைச் சொல்லித்தான் ஃபோல்டரைத் தேடும். எல்லா மென்பொருளும் அந்தப் பழைய பெயரைத்தான் எழுதி வைத்திருக்கும். வீட்டுக் கதவு நம்பரை மாற்றிவிட்டு ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தால் எந்தத் தபால் வரும்? அதே கதைதான். கைரேகை மென்பொருள் பழைய பெயரில் எதையோ தேடிக் கிடைக்காமல், மொத்த மிஷினையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! படிச்சவன்தானடா நீ? மிஷினுக்கு ஏன்டா ஜோசியம் பாக்குற? நாளைக்கு ஃபேனுக்கு ராகுகாலம் பாப்பியா? உன் ஒரு ஏ-வுக்கு அந்தப் பொண்ணு திருப்பூருக்குப் போவணுமா?"

கத்திவிட்டேன். எதிரே டீக்கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாதான் இடையில் புகுந்தார்.

"வுடும்மா. எம்பேரு அஞ்சு கார்டுல அஞ்சு மாதிரி இருக்குது. ஒண்ணுல காலு இல்ல, ஒண்ணுல கொம்பு இல்ல. நான் ஒரே ஆளாத்தான் நடமாடிக்கினு இருக்கேன். மிஷினுக்கு மட்டும் எப்பிடித் தெரியுது?"

அவருடைய மகள் சட்டென்று சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீபோர்டை இழுத்துக்கொண்டேன். பழைய பெயரைத் திருப்பி வைத்துவிட்டால் முடிந்தது வேலை. ஒரு வரி. தட்ட ஆரம்பித்தபோது தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அக்கா. அந்த எழுத்தை எடுக்காம பண்ண முடியாதா?"

"கையை எடு."

"வெளிய வாயேன் ஒரு நிமிசம்."

வெளியே தகரக்கூரைக்குக் கீழே நின்றோம். சாரல் காலில் அடித்தது. அவன் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நேத்து ராத்திரி அவ போன் பண்ணா. அடிவயிறு வலிக்குதுன்னா."

அவன் மனைவி நைனார்பாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ஏழாவது மாதம். இதற்கு முன்னால் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான். இரண்டாவது முறை அவள் அழக்கூட இல்லை, என் புடவைத் தலைப்பை மட்டும் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தச் சுருக்கத்தோடுதான் நான் வீட்டுக்கு வந்தேன்.

"டாக்டர் இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"போய்ப் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்ல, ரெஸ்ட்ல இருங்கன்னாங்க. எனக்குத்தான் தூக்கம் வரல. பேரை மாத்தினதுக்கு அப்புறந்தான்கா இது தங்குச்சு. எங்க வுட்டோம், எங்க வுட்டோம்னு யோசிச்சுக்கினே இருந்தேன். அந்த ஜோசியரு அன்னிக்கே கேட்டாரு, காலைல எழுந்ததும் எந்தப் பேரைச் சொல்லி உள்ள நுழையிறேன்னு. இந்த மிஷின்லதான நுழையிறேன் நானு. இதுல மட்டும்தான் பழைய பேரு இருந்துச்சு."

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. எட்டாம் நம்பர் வீடு, பதிமூன்றாம் நம்பர் பஸ் எதற்கும் நான் பயப்பட்டதில்லை. அங்கே நின்றபோது பயம் வந்தது. எழுத்தைப் பார்த்து இல்லை, அவன் முகத்தைப் பார்த்து. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இவன் எதைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், யாரைப் பார்ப்பான் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்ப்பான்.

"சரி வா. இருக்கிற பேருக்கே மிஷினை மாத்திப் பாக்குறேன்" என்றேன்.

அது முட்டாள்தனம் என்று தெரிந்துதான் செய்தேன். ஃபோல்டர் பெயரைத் தொடாமல், மிஷினின் உள்பதிவில் அந்தப் பெயர் வருகிற இடத்தில் இன்னொரு ஏ சேர்க்கவேண்டும். முக்கியமான இடத்தில் சேர்த்தேன். பாஸ்வேர்டு போட்டதும் வட்டம் சுற்றி, உள்ளே விட்டது. பெண் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். பிரௌசரைத் திறந்தால் நேற்று வாங்கிய மிஷின்போல வெறுமையாக இருந்தது; சேமித்து வைத்த எதையும் அதற்குத் தெரியவில்லை. அது இன்னும் பழைய பெயரில் தேடிக்கொண்டிருந்தது. அங்கேயும் ஏ சேர்த்தேன். இன்னோர் இடம் கிளம்பியது. அங்கேயும் சேர்த்தேன். கைரேகை மென்பொருள் விழித்துக்கொண்டு, படாரென்று நீலம். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. அந்தப் பழைய பெயர் மிஷினுக்குள் எத்தனை நூறு இடத்தில் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மதியம் கழிந்து வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. பெண்ணின் அப்பா வெளியே போய் பீடி பற்றவைத்துவிட்டு, இழுக்காமலே கீழே போட்டு மிதித்தார். தம்பி கடிகாரத்தைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தான். பெண் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். முதலில் ஏதோ சாமி பெயர் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா சொல்லிக்கினு இருக்க?"

"காலேஜ் வரிசைக்கா. சேலம் மொதல்ல, அப்புறம் தர்மபுரி, அப்புறம் விழுப்புரம்… உள்ள போனதும் யோசிக்க டைம் இருக்காதுல்ல. அதான் மனப்பாடமா வெச்சிக்கினு இருக்கேன்."

தம்பி என் பக்கம் திரும்பினான்.

"எடுத்துடுக்கா."

"இன்னொரு தடவை பாக்கலாம்டா. கைரேகை மென்பொருளை மொத்தமா தூக்கிட்டு…"

"வேணாம். டைம் இல்ல. எடுத்துடு."

சேர்த்த ஏ-க்களையெல்லாம் தேடித் தேடி எடுத்தேன். கடைசியில் கறுப்புத்திரைக்குப் போய், ஃபோல்டரைப் பழைய பெயருக்கு மாற்றச் சொல்லி அந்த ஒரு வரியை எழுதினேன். ஒரே ஒரு ஏ. எண்டரைத் தட்டவேண்டியதுதான் பாக்கி. வாய் கிழியப் பேசுகிற எனக்கு விரல் வரவில்லை. கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினேன். அவனுக்கு எரிச்சல் வந்திருக்கவேண்டும், வரவில்லை. கையை ஒருமுறை சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டினான்.

மிஷின் ஒழுங்காகத் திறந்தது. நல்ல பிள்ளையாட்டம். ஒன்றுமே நடக்காததுபோல எல்லாப் படங்களும் அதனதன் இடத்தில் வந்து நின்றன. அதை ஓங்கி ஓர் அறை அறையலாம்போல இருந்தது எனக்கு.

பெண் நாற்காலியில் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். மௌஸை யாரிடமும் கொடுக்கவில்லை. நெட் ஊர்ந்தது. ஒரு கல்லூரியைச் சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. "கீழ வா, கீழ வா, அய்யே, அது இல்ல" என்று நான் அவள் தோளுக்குமேல் கத்திக்கொண்டிருந்தேன். "சும்மா இருங்கக்கா, எனக்குத் தெரியும்" என்றாள். சும்மா இருந்தேன். உறுதி செய்கிற பட்டனை அவள் அழுத்தியதும் பக்கம் வெள்ளையாகிப் போனது. கூரையில் மழை மட்டும் கேட்டது. பிறகு பச்சை எழுத்தில், பதிவு ஏற்கப்பட்டது என்று வந்தது. ஐந்து அடிக்கக் கொஞ்சம்தான் இருந்தது.

தம்பி அதைப் பிரிண்ட் எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தான். பெண்ணின் அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சீட்டு கெடைச்சிருச்சுங்களா?" என்றார்.

"இல்லிங்க. கேட்டாச்சு. அவங்க குடுக்கணும்."

"கேட்டாச்சுல்ல. அப்ப ஏஜெண்டை வரவேணாம்னு சொல்லிர்றேன்" என்றார். பெண் கவரைப் பையின் அடியில் வைத்து, மேலே துண்டை மடித்து மூடினாள். அவள் வரிசையில் இரண்டாவதாகச் சொன்ன தர்மபுரிதான் அவளுக்குக் கிடைத்தது. ஆனால் அது தெரிய இன்னும் நாள் இருந்தது.

அவர்கள் போன பிறகு தம்பி நாற்காலியை மடக்கினான். முகப்பில் அவன் பெயர், நான் ஸ்லேட்டில் சொல்லிக்கொடுத்த அதே எழுத்துகளோடு இருந்தது. அதைப் பார்க்காமல் அவன் மானிட்டரை அணைத்தான். "பாத்துப் போக்கா. வளைவுல ஈரமா இருக்கும்" என்றான். என்னை வழியனுப்புகிறவன்போல இல்லை. எதையோ ஒப்புக்கொடுத்துவிட்டு நிற்கிறவன்போல இருந்தான்.

இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது. மனம்தான் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வேலை முடிந்தால் எனக்குப் பசிக்கும். அன்றைக்குப் பசிக்கவில்லை. நல்லதுதானே செய்தோம், ஒரு பெண்ணுக்கு வழி திறந்தாயிற்று என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வளைவில் அவன் மனைவி முகம் வந்தது. அடிவயிறு வலி. ரெஸ்ட்டில் இருங்கள் என்றார்களாம். ரெஸ்ட் என்றால் எவ்வளவு ரெஸ்ட்? போன முறையும் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். எதிரே மேலேறி வந்த பஸ் ஹாரன் அடித்ததும்தான் நான் ரோட்டின் நடுவில் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது.

கோமுகி அணைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, கண் நம்பர் பிளேட்டில் போய் விழுந்தது. நான் கேட்காமலே மனம் கூட்ட ஆரம்பித்தது. எட்டு. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று விரல்விட்டு மறுபடி கூட்டினேன். எட்டேதான். இத்தனை வருடமாக இந்த எட்டின்மேல்தான் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பிளேட்டைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை கூட்டினேன். அடிப்பாவி, நீயுமா என்று என்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தேன்.

"டேய், கடையைப் பூட்டிட்டியா?"

"இப்பத்தான்கா பூட்றேன். ஏன், வண்டி நின்னுபோச்சா?"

"தொற. மிஷினைப் போடு."

"ஏன்கா?"

"போடுன்னா போடு. கேள்வி கேக்காத."

ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. மிஷின் வருகிறவரை நான் அணைக்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

"வந்துருச்சுக்கா."

"கண்ட்ரோல் பேனல் போ. பயனர் கணக்குன்னு இருக்கும், அதுல போ. கணக்குப் பெயரை மாற்றுன்னு இருக்குதா? ஃபோல்டரைத் தொடாத. ஃபோல்டர் பக்கம் போனே, கையை ஒடச்சிடுவேன். இது வெளிய தெரியிற பேரு மட்டும்தான். இதுல நீ எத்தனை ஏ வேணா போட்டுக்கோ, மிஷினுக்கு ஒண்ணும் ஆவாது."

எழுத்து தட்டுகிற சத்தம் கேட்டது, ஒவ்வொன்றாக.

"காலைல நுழையும்போது இந்தப் பேருதான் தெரியும். அந்த ஜோசியரு சொன்னது இதைத்தான" என்றேன். "போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்கா." கொஞ்சம் பொறுத்து, "அக்கா, நீ கெளம்பினதும் அவ போன் பண்ணா. காலைலேந்தே வலி இல்லையாம். ரெண்டு இட்லி ஜாஸ்தியா தின்னாளாம்" என்றான்.

"காலைலேந்தேவா?"

"ஆமாக்கா. எழுத்து எடுக்கிறதுக்கு முன்னாடியேதான். எடுத்ததுக்கு அப்புறமும் இல்லயாம்." அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "நீதான் இதெல்லாம் நம்ப மாட்டியே."

"நம்பலதான்டா. யாரு நம்பறது?" என்றேன். "ரெண்டு ஏ இருக்குதான்னு இன்னொரு தடவை பாரு."